முதல் பேட்ச்

மாமல்லபுரம் பக்கம், குப்பம்
12 மே 2024

அன்புள்ள தங்கச்சி சங்கவிக்கு,

அண்ணன் பூபாலன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி பிரதீபாவும் சௌக்கியம். என் காதுதான் சௌக்கியமில்லை. நீ ஹைதராபாத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊர்க் காரம் உனக்கு ஒத்துக்கொண்டதா?

நேற்று நீ போன் பண்ணினபோது நான் "ஆங், ஆங்" என்றதில் முக்கால்வாசி பொய். ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. மருந்துப் பொடி அரைக்கிற மிஷின் பக்கத்தில் வருஷக்கணக்காய் நின்றதற்கு அது கொடுத்த சீதனம் இது. ஈ.எஸ்.ஐ.யில் கொடுத்த காது மிஷினை மாட்டினால் விசில் அடிக்கிறது, தெரு நாய்தான் திரும்பிப் பார்க்கிறது. வாட்ஸப்பில் நீ ஒற்றை வரி ஒற்றை வரியாக அனுப்புவது எனக்கு வயிறு நிறையவில்லை. பேசாமல் லெட்டர் எழுது. உட்கார்ந்து இரண்டு தடவை படிப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் பரணிதரன் சார் மீட்டிங் போட்டார். வலிப்பு நோய் மருந்துக்குப் புது வழி வருகிறதாம். பல்லேடியமே வேண்டாமாம், இரும்பு உப்பே போதுமாம். கண்டுபிடித்தவர் பெயர் என்று தாளில் "எஸ். சங்கவி" என்று பார்த்ததும், "சார், அது எந்தங்கச்சி சார்!" என்று கத்திவிட்டேன். செவிடன் கத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். பரணிதரன் சாரே பதறிப்போய், "இன்னாயா, நெஜமாவா?" என்றார்.

உன் அண்ணியின் தம்பி லோகுவையும் போன மாதம் எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். என் மாமியார் சொர்ணம் அழுதுகொண்டே, "கடலுக்குப் போவாம இருந்தாப் போதும் மாப்ளே, உன்னாண்ட வுட்டுட்டேன்" என்றது. மச்சான் சுறுசுறுப்பு. என் ஷிப்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் புது வழி என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நாலு பேர் கேட்டால் நான் முழிக்கக் கூடாது.

உன் அண்ணன்,
பூபாலன்


ஹைதராபாத்
22 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை சங்கவி எழுதுவது. நான் நலம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அண்ணி அழுவார், அதனால் விட்டுவிடுகிறேன். அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

லெட்டரைப் படித்து லேபில் தனியாகச் சிரித்தேன். என் கைடு ஜம்புலிங்கம் சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் வழி உங்கள் கம்பெனிக்குத்தான் போகிறது என்று எனக்கே அந்த வியாழக்கிழமை சாயந்திரம்தான் தெரியும்.

கேட்டீர்களே, சொல்கிறேன். நாம் தினம் விழுங்குகிற மாத்திரைகளில் பாதிக்குமேல் உள்ளே ஒரு வளையம் இருக்கும். கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கிற வளையம். அதில் ஒரு இடத்தில் கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜன் நின்றால்தான் மருந்து உடம்பில் போய்ப் பிடிக்கவேண்டிய இடத்தைப் பிடிக்கும். அந்த நைட்ரஜனைக் கொண்டுவந்து வளையத்தை மூடுவதுதான் கஷ்டம். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. நடுவில் ஒரு உலோகம் தரகர் வேலை பார்க்கவேண்டும். இதுவரைக்கும் பல்லேடியம்தான் தரகர். தங்கத்தோடு போட்டி போடுகிற விலை. அதோடு வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் மருந்திலேயே தங்கிவிடும், அதை வடித்தெடுக்க வேறு செலவு.

நான் பல்லேடியம் இல்லாமல் வெறும் இரும்பு உப்பை வைத்தே வளையத்தை மூடினேன். அவ்வளவுதான் அண்ணா என் மூன்று வருஷம். சொன்னால் நாலு வரி.

மாத்திரை விலை பாதியாகும் என்கிறார்கள். நம் தெருவில் ராஜம் அக்கா மகளுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் கையில் சாவியைத் திணிப்பார்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

லோகுவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சங்கவி


குப்பம்
16 ஜூன் 2024

அன்புள்ள சங்கவிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அண்ணியின் இடுப்பு வலி தைலத்துக்கு அடங்கவில்லை, என்னைத் திட்டினால் மட்டும் அடங்குகிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தரகர் கதையைக் கேண்டீனில் சொன்னேன். அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் ராமதாஸ் கேட்டான், "கமிசன் வாங்காத தரகர் எந்த ஊர்ல கீறாரு?" என்று. அதற்குப் பதிலை நீயே எழுது.

எங்கள் கம்பெனி லேபில் செய்து பார்த்துவிட்டார்கள். கண்ணாடிக் குடுவையில் அச்சு அசலாக உன் ஆராய்ச்சிப் பேப்பரில் உள்ளபடியே வந்ததாம். பரணிதரன் சார் முகத்தில் பல் தெரிந்தது, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. இதற்கென்று புத்தம்புது ரியாக்டர் வந்து இறங்கியிருக்கிறது, இரண்டாயிரம் லிட்டர். உள்ளே கண்ணாடிப் பூச்சு, எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிறது. புதுப் படகுக்குப் பண்ணுகிற மாதிரி மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும் என்று லோகு பிடிவாதம். சேப்டி ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு போனார், நாங்கள் வைத்துவிட்டோம்.

முதல் பேட்ச் ராமதாஸ் ஷிப்டில் விழுந்திருந்தது. ஆடிக் கிருத்திகை லீவை அவனுக்கு விட்டுக்கொடுத்து, ஷிப்டை நான் வாங்கிக்கொண்டேன். தங்கச்சி கண்டுபிடித்ததை அண்ணன் கை தொடங்காமல் வேறு யார் தொடங்குவது? ஆடியில் ஆரம்பிக்க முதலாளிக்கு மனசில்லை. ஆவணி பிறந்ததும்தான்.

உன் அண்ணன்,
பூபாலன்


குப்பம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சங்கவிக்கு,

நாங்கள் நலம். உன் லெட்டரைக் காணோம். தீசிஸ் எழுதுகிறாய் என்று அண்ணி சொன்னாள். எழுதுகிறவளுக்கு இன்னும் ஒரு தாள் எழுத என்ன வந்தது?

முதல் பேட்சுக்கு ஆகஸ்ட் 28, புதன்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. நானும் லோகுவும்தான். பரணிதரன் சார் கூடவே இருப்பார். தெருவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. "சங்கவி மருந்து எப்ப வருது?" என்று மீன் வாங்க வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். என்னமோ நீ கூடையில் வைத்து விற்கிற மாதிரி.

ஒரே ஒரு சந்தேகம். நீ அதைக் கையால் செய்து பழகினவள். நான் கவனித்துக்கொள்ள வேண்டியது எதாவது இருந்தால் எழுது. பேப்பரில் போடாதது, பழகின கைக்கு மட்டும் தெரிகிறது ஒன்று எல்லா வேலையிலும் இருக்குமே, அது. வெட்கப்படாமல் எழுது. செவிடன்தான், முட்டாள் இல்லை.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்,
பூபாலன்


ஹைதராபாத்
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே. தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை அதிகம்.

கவனிக்க என்று தனியாக ஒன்றுமில்லை. பெரிய ரியாக்டரில் முதல் தடவை செய்யும்போது சில சமயம் கிளம்பத் தாமதமாகும். அப்படி ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். முகத்துக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கூடியவரை தள்ளியே நில்லுங்கள்.

இன்னொன்று. ரொம்ப நாளாக உங்களை இங்கே வரச்சொல்ல நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் நீங்களும் அண்ணியும் வாருங்களேன். ஒரு வாரம் லீவு போடுங்கள். 25ஆம் தேதி ராத்திரி ரயிலில் இடம் இருக்கிறது, நானே டிக்கெட் போட்டுவிடுகிறேன். முதல் பேட்சை ராமதாஸ் பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய ஷிப்ட்தானே அது. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

வருவதாக ஒரு வரி எழுதுங்கள். அண்ணியிடம் போனிலும் சொல்கிறேன்.

சங்கவி


குப்பம்
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சங்கவிக்கு,

எல்லாரும் நலம். உனக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று அண்ணி சொல்கிறாள். போனில் அழுதாயாமே?

செப்டம்பர் 12ஆம் தேதி உன் வைவா, அதற்குக் கட்டாயம் வருகிறோம். லோகு இப்போதே புதுச் சட்டை எடுத்து வைத்துவிட்டான். அதைவிட்டு மாதக் கடைசியில் வா என்றால் எப்படி? பந்தியில் இலை போட்டுவிட்டு எழுந்துபோ என்கிறாயே. நான் போய் ராமதாசிடம், "நீயே பாத்துக்கோ, எந்தங்கச்சிக்கு என்னைப் பாக்கணுமாம்" என்று சொன்னால் அவன் சிரிக்கமாட்டானா?

பரீட்சை பயம் உனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. பத்தாவது பரீட்சைக்கு முதல் நாள் வாந்தி எடுத்தவள் நீ. இதுவும் அப்படித்தான். 28ஆம் தேதி சாயந்திரம் முதல் பேட்ச் இறங்கினதும் அண்ணியை விட்டு உனக்கு போன் பண்ணச் சொல்கிறேன். தைரியமாக இரு.

தள்ளி நில் என்றாய். வால்வு என்ன கடற்கரையிலா இருக்கிறது, தள்ளி நின்று திறக்க?

உன் அண்ணன்,
பூபாலன்


குப்பம்
3 நவம்பர் 2024

சங்கவிக்கு,

அண்ணி பிரதீபா எழுதுகிறேன். உன் அண்ணன் சொல்ல நான் எழுதுகிறேன், அதனால் முதலில் அவர் கேட்டது: நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. கை புண் ஆறிவிட்டது. கண் இரண்டும் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். வலது காது அடியோடு போய்விட்டது. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கிறது. நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. சோறு என்றாலும் கத்தல்தான், மூத்திரம் வருகிறதா என்றாலும் கத்தல்தான்.

இனி அவர் சொல்வது.

"சங்கவி, நான் தெனமும் அதை மனசுல திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறேன். நீ படிச்சவ, எங்க தப்பு பண்ணேன்னு சொல்லு. காலையில எல்லாம் பேப்பர்ல உள்ளபடி. இரும்பு உப்பு போட்டோம், சூடு வெச்சோம், அந்தத் திரவத்தக் கொஞ்சம் கொஞ்சமா வுட்டோம். வுடவுடத் தானா சூடு ஏறணும்னு போட்டிருந்திச்சி. ஏறல. முழுசும் வுட்டாச்சி, அப்பவும் ஏறல. சாம்பிள் அனுப்பினோம், லேப்ல ஒண்ணுமே ஆவலைன்னுட்டான். பரணிதரன் சார் ரொம்ப நேரம் நின்னுகினே இருந்தாரு. அப்பால, பழைய ஸ்டாக்ல பல்லேடியம் கீது, கொஞ்சம் போட்டாக் கெளம்பும்னாரு. லோகு மேல ஏறிப் போட்டான். மூடிய மூடறதுக்குள்ள... அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அலாரம் அடிச்சிதாம். நான் காதுல வாங்காம வுட்டுட்டேன்றாங்க. அடிச்சிதான்னு எனக்குத் தெரியல, சங்கவி. அடிச்சிருக்கும். செவிட்டுப் பொணம், எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. மிச்சம் என்னுடையது.

பல்லேடியம் போடச் சொல்லவே இல்லை என்கிறார் பரணிதரன். அலாரம் அடித்தும் ஆபரேட்டர் கூலிங் தண்ணீரைத் திறக்கவில்லை, அதனால்தான் உதவியாள் இறந்தார் என்று கம்பெனி எழுதிக்கொடுத்திருக்கிறது. உதவியாள் என்றால் என் தம்பி லோகு. பெயர்கூடப் போடவில்லை. அம்மா இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது, இந்த வாசலை மிதிப்பதில்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. "உன்னாண்ட வுட்டேன்" என்று இவரிடம் சொன்னதை ஊரெல்லாம் சொல்லி அழுகிறது.

நீ சாவுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டு, வைவா என்று போய்விட்டாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாஸ் பண்ணிவிட்டாய் என்று கேட்டு இவர் அழுதார், சந்தோஷத்தில்தான். இவர் கேட்டதற்குப் பதில் எழுது.

பிரதீபா


ஹைதராபாத்
20 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இருக்கிறேன். அண்ணனுக்கு நேரத்துக்குச் சொட்டு மருந்து விடுங்கள்.

அண்ணன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரிடம் அதை மட்டும் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப அதையே நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சத்தை நேரில் பேசலாம்.

சங்கவி


குப்பம்
15 டிசம்பர் 2024

சங்கவிக்கு,

இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தப்பு இல்லை என்று நீ எழுதியதைக் காதில் கத்தினேன். "ஏன் இல்லைன்னு கேளு" என்கிறார். நான் என்ன சொல்வேன்? பத்தாம் வகுப்பு படித்தவள். "தங்கச்சி பாசத்துல சொல்லுது, கணக்குல சொல்லல" என்று தானே முடிவு பண்ணிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பிடுவதில்லை. போன வாரம் நான் குளத்துக்குப் போய்த் துணி அலசிவிட்டு வருவதற்குள் சுவரைத் தடவிக்கொண்டே அம்மா வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டது. கதவு சாத்தினது இவருக்குக் கேட்கவில்லை. அங்கேயே நின்று, "அத்தே, நான்தான் கொன்னுட்டேன்" என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி கடைசியில் விசாரணை. தப்பை ஒத்துக்கொண்டு கைநாட்டு வைத்துவிடுகிறேன் என்கிறார். வைத்தால் தண்டனை குறையும் என்று கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நேரில் பேசலாம் என்றாய். எப்போது வருகிறாய்? நான் போன் பண்ணினால் எடுப்பதில்லை. உனக்கு என்ன தெரியுமோ அதை எழுது.

பிரதீபா


ஹைதராபாத்
2 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. எழுதிவிடுகிறேன்.

லேபில் கண்ணாடிக் குடுவைக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு காந்தக் குச்சி போடுவோம். அடியில் மிஷின் சுற்றும்போது அதுவும் சுற்றிக் கலக்கும். மேலே வெள்ளைப் பூச்சு இருக்கும். கழுவிக் கழுவி வருஷக்கணக்காகப் பயன்படுத்துவோம். எனக்கு முன்னால் அந்த லேபில் இருந்தவர்கள் எல்லாரும் பல்லேடியத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் விட்டுப்போன குச்சிகளைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு பல்லேடியம் ஊறிக்கிடந்தது. கழுவினால் போகாது. வளையத்தை மூடியது அதுதான். என் இரும்பு ஒன்றும் செய்யவில்லை. நான் கண்டுபிடித்தது என்று எதுவுமே இல்லை, அண்ணி.

புதிதாக லேபில் சேர்ந்த ஹரிஹரன் புதுக் குச்சி போட்டுச் செய்தான், வரவில்லை. கைராசி இல்லாதவன் என்று கேலி பண்ணினேன். பிறகு நானே புதுக் குச்சியில் செய்தேன், எனக்கும் வரவில்லை. பழைய குச்சியைப் போட்டதும் வந்தது. உங்கள் கம்பெனி லேபிலும் பழைய குச்சிகள்தான், அதனால்தான் அங்கேயும் வந்தது. அண்ணனுடைய ரியாக்டரில் குச்சி கிடையாது. அது புத்தம்புதுசு. அதில் பல்லேடியம் எங்கிருந்து வரும்?

அதனால்தான் அன்றைக்குச் சூடு ஏறவில்லை. விட்டது எல்லாம் அப்படியே உள்ளே தேங்கி நின்றது. ஒரு நாள் முழுக்க மெதுவாக வரவேண்டிய சூடு, பல்லேடியம் விழுந்ததும் ஒரே நொடியில் வந்துவிட்டது. அலாரம் அடித்திருந்தாலும், அண்ணனுக்கு நாயின் காது இருந்திருந்தாலும், கூலிங் திறந்து அதைப் பிடித்திருக்க முடியாது. அண்ணன் பேப்பரில் இருந்ததை ஒரு புள்ளி தவறாமல் செய்தார். பேப்பர்தான் பொய், அதை எழுதியது நான்.

ஜம்புலிங்கம் சாரிடம் சொன்னேன். "இன்னும் மூணு தடவை செஞ்சு பாரு. உறுதியானதும் கம்பெனிக்கு நானே சொல்றேன். மொதல்ல வைவா முடியட்டும்" என்றார். அவர் தடுத்ததால்தான் சும்மா இருந்தேன் என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. அது உண்மையில்லை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் தெருவில் எல்லாரும் என் பெயரைச் சொல்கிறார்கள் என்று அண்ணன் எழுதியிருந்தார். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய குச்சி, புதுக் குச்சி இரண்டிலும் செய்த சோதனைகளின் நகலை விசாரணை அதிகாரிக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். சாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும். அண்ணனைக் கைநாட்டு வைக்கவிடாதீர்கள்.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். போனில் அவருக்குக் கேட்காது என்பது எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

சங்கவி


குப்பம்
19 ஜனவரி 2025

சங்கவிக்கு,

உன் லெட்டர் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. வீட்டில் பொங்கல் இல்லை, சாவு வீடு. அதனால் உட்கார்ந்து படிக்க நேரம் இருந்தது. முதல் தடவை எனக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை புரிந்தது. புரிந்ததும் அடுப்பில் போட எழுந்தேன். அப்புறம் போடவில்லை.

இதை அவருக்குப் படிப்பது என்றால் கத்தித்தான் படிக்க வேண்டும். நான் கத்தினால் இங்கிருந்து நாலு வீட்டுக்குக் கேட்கும், அம்மாவுக்கும் கேட்கும். புருஷனுடைய தங்கச்சி மானம், நம்ம குடும்ப மானம் என்று நாலு நாள் யோசித்தேன். சவுக்குத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆள் இல்லாத இடத்தில் படித்துவிடலாம் என்று நேற்று அவருக்குச் சட்டைகூட மாட்டிவிட்டேன். தெருமுனை வரைக்கும் போனோம். எங்கம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தது. இவர் அந்தப் பக்கம் வந்ததும், எப்படித் தெரிந்ததோ, கண் தெரியாமலேயே தலையைக் குனிந்துகொண்டார். இவர் ஏன் குனிய வேண்டும்?

திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து, நம் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து, இடது காது தெருவைப் பார்க்கிற மாதிரி திருப்பி, முதல் வரியிலிருந்து கத்திப் படித்தேன். தொண்டை கிழிந்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை. பக்கத்து வீட்டில் டி.வி.யை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு ராஜம் அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பாதியில் அம்மா கை எல்லாம் செதிலோடு வந்து நின்றது. நான் நிறுத்தவில்லை. "அண்ணன் ஒரு புள்ளி தவறாமல் செய்தார்" என்று நீ எழுதினதை நாலு தடவை படித்தேன், அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

முடித்த பிறகு அம்மா படியேறி உள்ளே வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. இவர் முகத்தை அந்த ஈரக் கையால் தடவிவிட்டு, என்னமோ சொன்னது. இவருக்குக் கேட்கவில்லை. "லோகு அம்மா வந்துகீது" என்று நான் கத்தினேன். அப்போதுதான் இவர் அழுதார். "நான் சரியாத்தான் செஞ்சேன் அத்தே, நான் சரியாத்தான் செஞ்சேன்" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

உன்னைப் பற்றி இவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இன்றைக்குக் காலையில்தான் என் கையைத் தேடிப் பிடித்து ஒன்று கேட்டார். "அந்தக் குச்சி விசயம் அவளுக்கு எப்பத் தெரிஞ்சிது? பேட்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் உன் லெட்டரைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் எழுதியிருக்கிறாய், அது மட்டும் இல்லை. "தெர்ல" என்று காதில் கத்தினேன். "அப்ப எழுதிக் கேளு" என்றார். அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். தேதியை மட்டும் எழுது.

பிரதீபா


ஹைதராபாத்
25 ஜனவரி 2025

அண்ணிக்கு,

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை காலை.

இதையும் வாசலில் உட்காரவைத்தே படியுங்கள்.

சங்கவி